கல்யாண அல்பம் எடிட்டிங்: பேனை டெப்லெட்டா, மவுஸா?

#1 · நிழல்_06

வணக்கம். வெள்ளவத்தையில ஒரு ஸ்டூடியோவுக்கு எடிட்டிங் செய்யுறன். கல்யாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், இடையில பாஸ்போர்ட் படமும். ஃபொட்டோஷொப்பும் லைட்ரூம் கிளாசிக்கும் பாவிக்கிறது. லப்டொப்பில 24 இஞ்ச் மொனிட்டர் ஒண்டு கொழுவியிருக்கு, ரெண்டும் 1920 × 1080. மவுஸ் சாதாரண ஒப்டிகல்.

பிரச்சினை முகத்தில. கன்னம், கண்ணுக்குக் கீழ, நெத்தி எல்லாம் மவுஸால வெளிச்சமாக்கினா பட்டை பட்டையா தெரியுது. பேனையால கீறுற டெப்லெட் வாங்கினா இது தீருமா? இல்லாட்டி நல்ல மவுஸ் ஒண்டே காணுமா? டெப்லெட் எண்டா எந்த சைஸ்?

#2 · பாதைக்கருவி

வாங்க முதல் ஒரு கணக்குச் சொல்லும் தம்பி. ஒரு கல்யாணத்துக்கு எத்தனை படம், அதில எத்தனைக்கு உண்மையா பிரஷ் பிடிக்கிறீர்?

#3 · நிழல்_06

சராசரியா 1200 படம் வரும். அதில 250 தெரிஞ்சு கலர் சரி பண்ணுறது. அல்பத்துக்கு 90 போகும், 40 பக்கம். முழு ரீடச் எண்டா பொம்பிளை மாப்பிளை குளோஸப் 15, கூடினா 20.

#4 · பாதைக்கருவி

அப்ப கேளும். 1200ஐ 250 ஆக்கிறதுக்கு டெப்லெட்டும் வேண்டாம், மவுஸும் வேண்டாம். கப்ஸ் லொக்கைப் போட்டுட்டு லைட்ரூமில பீ (எடு), எக்ஸ் (தள்ளு) ரெண்டு கீயையும் மாறி மாறித் தட்டினால் அடுத்த படம் தானாய் வரும். கலருக்கு, ஸ்லைடரின்ட மேல பொயின்டரை வைச்சிட்டு மேல் கீழ் அம்புக் கீ. ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடிச்சா பெரிய அடியா ஏறும். இழுக்கத் தேவையே இல்லை. ஒரே வெளிச்சத்தில எடுத்த மணவறைப் படங்களுக்கு ஒண்டைச் சரி பண்ணி, அதே செட்டிங்கை மிச்சத்துக்கு சிங்க்.

பக்க டிசைன் முழுக்க மவுஸ் வேலை. பெட்டியை இழுத்து வைக்கிறது, கைட் லைனுக்கு நேராக்கிறது, எழுத்து அடிக்கிறது. பேனையைப் பிடிச்சுக்கொண்டு இதைச் செய்தா கை ஒவ்வொரு தரமும் கீபோர்டுக்கும் பேனைக்கும் நடுவில அலையும்.

அடுத்தது கட்டிங். நகை, குத்துவிளக்கு, காரின்ட விளிம்பு, இதெல்லாம் பென் டூல். பேரிலதான் பென், பிடிக்கிறது மவுஸ். 200 சதவீதத்தில சூம் பண்ணி, வளைவு திரும்புற இடத்தில மட்டும் புள்ளி வையும். ஒரு வட்ட வளையலுக்கு நாலு புள்ளி தாராளம். பாதையை விளிம்பில இருந்து ஒரு பிக்ஸல் உள்ளுக்கு ஓட்டி, செலக்ஷனாக்கேக்க விளிம்பு மெதுவாக 0.5 பிக்ஸல் ஃபெதர். மவுஸ் கிளிக் பண்ணேக்க அசையாது. பேனை தட்டேக்க நுனி ஒரு மயிரிழை வழுகும், புள்ளி வைக்கிற வேலையில அந்த வழுகல் உயிரை எடுக்கும்.

1200இல 20க்காக டெப்லெட் வாங்கிறது பாணுக்குப் பேக்கரி வாங்கிற கதை.

#5 · மெல்லியதூரிகை

பாதைக்கருவி சொன்ன மற்றதெல்லாம் சரி. கடைசி வசனம்தான் பிழை. எண்ணிக்கையில 20, ஆனா நேரத்தில? ஒரு குளோஸப்புக்கு 20 நிமிஷம் வைச்சாலே ஆறரை மணித்தியாலம் தாண்டுது. ஒரு கிழமைக்கு ஒரு கல்யாணம் எண்டா ஒரு முழு வேலைநாள். வீட்டுக்காரர் அல்பத்தைத் திறந்து முதல் பார்க்கிறதும் அந்த 20ஐத்தான்.

இனி பட்டைக்கு வருவம். அது மவுஸ் மலிவானதால வாறதில்லை. நீங்கள் பிரஷின்ட ஒப்பசிட்டியை (எவ்வளவு மூடுது எண்ட சதவீதம்) 20 போல வைச்சு அடிக்கிறீங்கள் எண்டு நினைக்கிறன். மவுஸுக்கு ஒரே அழுத்தம்தான், ஆனபடியால் கோட்டின்ட தொடக்கத்திலயும் 20, முடிவிலயும் 20. பக்கத்தில அடுத்த கோடு போடேக்க ரெண்டும் ஏறுப்படுற இடம் 36 ஆகுது. மூண்டாவது ஏறினா 49. அந்த 20க்கும் 36க்கும் இடையில உள்ள விளிம்புதான் உங்கட பட்டை.

பேனையில என்ன நடக்குது எண்டா, தொடேக்க மெதுவா, நடுவில கொஞ்சம் அழுத்தி, எடுக்கேக்க திரும்ப மெதுவா. கோட்டின்ட ரெண்டு முனையும் தானாய்க் கரையும். விளிம்பே இல்லாததால ஏறுப்பட்டாலும் தெரியாது. டெப்லெட்டுக்குக் காசு குடுக்கிறது இந்த ஒரு விஷயத்துக்காக. பேனை பிடிச்சா கை வேகம் எண்டு சொல்லுறதெல்லாம் பிறகு.

செட்டிங் இப்பிடி. ஒரு கேர்வ்ஸ் லேயர், நடுப்புள்ளியைக் கொஞ்சம் மேல தூக்குங்கோ, மாஸ்க்கை (அந்த லேயர் எந்த இடத்தில தெரிய வேணும் எண்டு தீர்மானிக்கிறது) கன்ட்ரோல் + ஐ கீயால கறுப்பாக்குங்கோ. இன்னொரு கேர்வ்ஸ், அதை இருட்டுப் பக்கம். மாஸ்க்கில வெள்ளை பிரஷ், ஹார்ட்னஸ் 0, ஒப்பசிட்டி 100, ஃப்ளோ 5இல இருந்து 10. பிரஷ் செட்டிங்ஸில ட்ரான்ஸ்ஃபருக்குள்ள போய் ஒப்பசிட்டி ஜிட்டருக்குக் கீழ கன்ட்ரோலை பென் பிரஷருக்கு மாத்துங்கோ. ஜிட்டர் எண்ணை 0இலயே விடுங்கோ, அதை ஏத்தினா தூறல் மாதிரிப் புள்ளி விழும்.

ஷேப் டைனமிக்ஸை ஓஃப் பண்ணுங்கோ. தோலில அழுத்தத்துக்கு சைஸும் மாறினா, அழுத்துற இடத்தில பிரஷ் பெருத்து மூக்கின்ட நிழலையும் சேர்த்து அள்ளும். சைஸை நீங்கள்தான் தீர்மானிக்க வேணும், அழுத்தம் அளவை மட்டும் தீர்மானிக்கட்டும்.

#6 · நிழல்_06

ஒப்பசிட்டி 20தான் அண்ணை, சரியாச் சொல்லிட்டீங்கள். டெப்லெட் வாங்கிற வரைக்கும் மவுஸில என்ன செய்யலாம்? இந்தக் கிழமையும் ஒரு அல்பம் குடுக்க வேணும்.

#7 · சாமந்தி

மவுஸில வடிவா செய்யலாம், நேரம்தான் கூட எடுக்கும்.

ஒப்பசிட்டி 100க்கு விட்டுட்டு ஃப்ளோவை 1 அல்லது 2க்குக் கொண்டு வாங்கோ. ஒப்பசிட்டி ஒரு கோட்டுக்கு மேல்வரம்பு போடும், ஃப்ளோ கையை எடுக்காமலே துளித்துளியாச் சேர்க்கும். நீளக்கோடு போடாமல், பட்டனை அமத்தினபடி அந்த இடத்தில சின்னச் சின்ன வட்டமாத் தேயுங்கோ. பிரஷ் சைஸ், நீங்கள் சரி பண்ணுற நிழலின்ட அளவைவிடக் கொஞ்சம் பெரிசு. சின்ன பிரஷ்தான் பட்டைக்கு ரெண்டாவது காரணம்.

சைஸ் மாத்த சதுர அடைப்புக் கீயைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். விண்டோஸில ஒல்ட்டை அமத்தி ரைட் கிளிக்கோட பக்கவாட்டில இழுத்தா சைஸ், மேல் கீழா இழுத்தா ஹார்ட்னஸ். நம்பர் கீ ஒப்பசிட்டி, ஷிஃப்டோட நம்பர் ஃப்ளோ. வளைவு கைக்கு எதிர்ப்பக்கமாப் போகேக்க ஆர் கீயைத் தட்டி கான்வஸைத் திருப்புங்கோ, பிறகு எஸ்கேப்.

விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில என்ஹான்ஸ் பொயின்டர் பிரிசிஷன் எண்டு ஒரு டிக் இருக்கும். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது வேகத்துக்கு ஏத்தமாதிரித் தூரத்தை மாத்துறது. கெதியா இழுத்தா பொயின்டர் தூரப் போகும், மெதுவா இழுத்தா கிட்டப் போகும். கைக்கு ஒரு அளவு பழகவே விடாது. டிக்கை எடுங்கோ.

பருவுக்கும் கீறலுக்கும் இந்த லேயர் இல்லை. அதை வேற வெறும் லேயரில ஹீலிங் பிரஷால முடிச்சிட்டுத்தான் வெளிச்ச வேலைக்கு வர வேணும். மாறிச் செய்தா ஹீலிங், நீங்கள் மினக்கெட்டுச் செய்த வெளிச்சத்தையும் கலைக்கும். அதோட ஃபைலை 16 பிட்டில வையுங்கோ. 8 பிட்டில கன்னத்தில இருந்து காதுக்குப் போற மெல்லிய மாறல் படிபடியாத் தெரியும். அதைப் பார்த்திட்டு பிரஷைக் குறை சொல்லுறது இங்க நிறைய நடக்குது.

#8 · வயர்கட்டு

சைஸ் கேட்டிருந்தீங்க. அளவோட சொல்றேன்.

வாக்கொம் கம்பனியின் சின்ன டெப்லெட்டில் வேலை செய்யும் பரப்பு 152 × 95 மில்லிமீட்டர். மீடியம் 216 × 135. இது அவங்க இன்டுவோஸ், வன் பை வாக்கொம் ரெண்டு மொடலுக்கும் ஒன்றுதான். ஹுயியோனில் எச்610 ப்ரோ வி2, எக்ஸ்பி-பென்னில் டெகோ 01 வி2, ரெண்டும் 10க்கு 6.25 இஞ்ச், அதாவது 254 மில்லிமீட்டர் அகலம்.

உங்க 1920 பிக்ஸல் மொனிட்டரை மீடியத்தின் 216 மில்லிமீட்டரில் விரிச்சா ஒரு மில்லிமீட்டருக்கு கிட்டத்தட்ட 9 பிக்ஸல். சின்னதில் 12.6. இப்ப மவுஸுக்கு வாங்க. 800 டிபிஐ மவுஸை விண்டோஸ் வேகக்கோட்டின் நடுவில் வெச்சா, ஒரு இஞ்சுக்கு 800 பிக்ஸல், மில்லிமீட்டருக்கு 31. முழுத் திரையையும் 61 மில்லிமீட்டரில் தாண்டிரும். கை ஒரு மில்லிமீட்டர் நடுங்கினா மவுஸில் 31 பிக்ஸல் ஓடும், மீடியம் டெப்லெட்டில் 9தான்.

அதுக்காகப் பெரிசு பெரிசா வாங்கணும்னு இல்ல. 254 மில்லிமீட்டரில் முழங்கையே அசையணும், கீபோர்டும் மேசையில் இடம் பிடிக்கும். இன்டுவோஸ் மீடியத்தின் வெளி அளவு 264 × 200, ஏ4 தாளுக்குள்ள அடங்கும். ஸ்டூடியோ மேசைக்கு அதுவே அளவு.

#9 · பாதைக்கருவி

கணக்கு அழகாத்தான் கிடக்கு. ஆனா 400 டிபிஐக்குக் குறைச்சா மவுஸிலயும் மில்லிமீட்டருக்கு 16 பிக்ஸலுக்குக் கிட்ட வரும். இன்னும் சூம் பண்ணினா நடுக்கம் படத்தில அரைவாசி. இதுக்காக ஒருத்தரும் டெப்லெட் வாங்கத் தேவையில்லை.

பிறகு பேனை உணருற அழுத்தத்தில 8192 லெவல் எண்ட கதை. கடையில அதைச் சொல்லித்தான் விலை சொல்லுவினம்.

#10 · மெல்லியதூரிகை

சூம் பற்றிச் சொன்னது பாதி சரி. 300 சதவீதத்தில நிண்டுகொண்டு கன்னத்தை வெளிச்சமாக்கினா, விலகிப் பார்க்கேக்க முகம் உருளைக்கிழங்கு மாதிரி மேடும் பள்ளமுமா நிக்கும். வெளிச்ச வேலை 50இல இருந்து 100 சதவீதத்துக்குள்ளதான் செய்ய வேணும். அந்த சூமிலயும் நடுக்கமில்லாத கை வேணும், அதுக்குத்தான் வயர்கட்டின்ட கணக்கு.

லெவல் விஷயத்தில உங்களோடதான் நிக்கிறன். 8 பிட் மாஸ்க்கில மொத்தமே 256 படி. 2048 லெவல் பேனையே அதைப்போல எட்டு மடங்கு. வன் பை வாக்கொம் 2048, இன்டுவோஸ் 4096, எச்610 8192, கன்னத்தில ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க ஏலாது. பேனைச் சரிவும் அப்பிடித்தான். இன்டுவோஸில சரிவு உணராது, ஓவியம் கீறுறவைக்கு அது குறை, எங்களுக்கு இல்லை.

பார்க்க வேண்டியது வேற. எவ்வளவு மெதுவாத் தொட்டா கோடு தொடங்குது எண்டது. சில பேனையில கொஞ்சம் அழுத்தினாத்தான் கோடே விழும், விழேக்க 10 சதவீதத்தில பொத்தெண்டு விழும். அந்த ஆரம்பம் கரடுமுரடா இருந்தா மேல எத்தனை ஆயிரம் லெவல் இருந்தும் பிரயோசனமில்லை. இது பெட்டியில எழுதியிருக்காது.

#11 · நிழல்_06

அப்ப கடையில எப்பிடிப் பார்க்கிறது? யூனிட்டி பிளாசா போகலாம் எண்டு இருக்கிறன்.

#12 · வயர்கட்டு

லப்டொப்பைக் கொண்டு போங்க. போறதுக்கு முதல் கம்பனித் தளத்திலிருந்து அந்த மொடலின் டிரைவரை வீட்டிலயே போட்டு வைங்க, கடையில் இறக்கிக்கொண்டு நிற்க நேரம் தரமாட்டாங்க. ஃபொட்டோஷொப் திறக்கக் கனதியா இருந்தா கிரிட்டா போடுங்க, அது இலவசம்.

முதல், ஸ்கேல் ஒன்றைக் குறுக்கா டெப்லெட் மேல வெச்சு அதை ஒட்டி மிக மெதுவா ஒரு கோடு இழுங்க. வேகமா இழுத்தா எந்த டெப்லெட்டிலும் நேராத்தான் வரும். மெதுவா இழுக்கும்போது அலைஅலையா வந்தா சென்ஸர் அல்லது மின் இரைச்சல். இரும்பு ஸ்கேல் வேணாம், பிளாஸ்டிக். அடுத்தது, பேனையின் சொந்தப் பாரத்தோட மட்டும் நுனியை வெச்சு இழுங்க. கோடு வந்தா நல்ல பேனை. பிறகு நாலு மூலையிலும் ஒரு வட்டம். கடைசியா கேபிளை சொருகின இடத்தில் மெதுவா ஆட்டிப் பாருங்க, லைட் அணைஞ்சு எரிஞ்சா வெச்சிட்டு வாங்க. சின்ன யூஎஸ்பி சொக்கெட் உள்ள டெப்லெட்டில் கேபிள் மேசை விளிம்பில் மடங்கி மடங்கித்தான் பழுதாகும். எல் வடிவ முனையுள்ள கேபிள் ஒன்று பிறகு வாங்கிப் போடலாம்.

வாரண்டி ஏஜென்ட் தர்றதா, கடை தர்றதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்க. பேனைக்கும் சேர்த்தா, டெப்லெட்டுக்கு மட்டுமா என்றும் கேளுங்க. பேனை விழுந்தா நுனியில் உள்ள அழுத்தம் உணர்ற பகுதிதான் முதல் போகும், தனிப் பேனை விலை மலிவான டெப்லெட்டுக்குக் கிட்டயே வரும். அந்த மொடலுக்கு நிப் (தேய்ஞ்சா மாத்துற பேனை நுனி) பொதி இங்க கிடைக்குதா என்பதும் முக்கியம்.

செக்கன்ட் ஹேண்ட் என்றா மேற்பரப்பைச் சரிச்சு லைட்டுக்குப் பிடிங்க. நடுவில் கண்ணாடி மாதிரி மினுங்கினா சொரசொரப்புத் தேய்ஞ்சிட்டு. வேலை செய்யும், ஆனா நுனி வழுக்கும்.

#13 · சாமந்தி

நிப் நுனி ஒரு பக்கம் சப்பையாகி உளி மாதிரி வந்தா மாத்துங்கோ. கூர்விளிம்போட தேய்ச்சா டெப்லெட்டில கீறல் விழும், பிறகு புது நிப்பும் அந்தக் கீறலுக்குள்ள மாட்டும்.

கொழும்பு வெக்கைக்கு இன்னொண்டு. கரையோரக் காத்தில உள்ளங்கை வேர்த்து டெப்லெட்டில ஒட்டும், கோடு பாதியில நிண்டு நிண்டு போகும். சின்ன விரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடுற கையுறை விக்குது. இல்லாட்டி பழைய பருத்திச் சொக்ஸை வெட்டிப் போட்டாலும் காணும். மேல ஏ4 தாள் ஒட்டினாலும் பேனை வேலை செய்யும், தாளுக்கூடாக உணரும். கடதாசியில எழுதுற உணர்வு வரும், நிப் மட்டும் கெதியாத் தேயும்.

#14 · திறந்தமூலம்

ஃபொட்டோஷொப் இல்லாதவர்கள் இதைப் படித்தால்: கிம்ப் 2.10இல் எடிட் மெனுவில் இன்புட் டிவைசஸ் திறந்து, பேனையின் மோட் டிசேபிள்ட் என்று இருந்தால் ஸ்க்ரீனுக்கு மாற்றிச் சேமிக்க வேண்டும். பிறகு பிரஷின் டைனமிக்ஸில் பிரஷர் ஒப்பசிட்டி. இது தெரியாமல் டெப்லெட் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. கிரிட்டாவில் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அழுத்தக் கேர்வை மட்டும் உங்கள் கைக்கு ஏற்ப வளைத்தால் போதும்.

#15 · நிழல்_06

மீடியம் ஒண்டு எடுத்திட்டன், 216 × 135தான். ஸ்கேல் சோதனை, பாரச் சோதனை ரெண்டும் கடையில பாஸ். ஸ்டூடியோவில கொழுவினா மூண்டு பிரச்சினை.

வட்டம் கீறினா முட்டை மாதிரி, அகலம் உயரத்தைப்போல ரெண்டு மடங்குக்கு மேல.

பேனையை வைச்ச உடனே பொயின்டரைச் சுத்தி ஒரு வளையம் வருது, கோடு அரைச் செக்கன் பிந்தித் தொடங்குது.

கடையில நேரா வந்த கோடு இங்க நடுங்குது, அதுவும் எல்லா நேரமும் இல்லை.

#16 · வயர்கட்டு

முட்டைக்குக் காரணம் உங்க ரெண்டு திரையும். டிரைவர் சும்மா விட்டா லப்டொப், மொனிட்டர் ரெண்டையும் சேர்த்து 3840 பிக்ஸலை 216 மில்லிமீட்டருக்குள் அடைக்கும். அகலத்தில் மில்லிமீட்டருக்கு 17.8, உயரத்தில் 8. அதான் ரெண்டேகால் மடங்கு. மெப்பிங்கில் போய் 24 இஞ்ச் மொனிட்டரை மட்டும் தெரிவு செய்யுங்க.

அப்பவும் வட்டம் ஒரு 11 சதவீதம் அகலமா நிற்கும். டெப்லெட் 16க்கு 10, மொனிட்டர் 16க்கு 9. ஃபோர்ஸ் ப்ரப்போர்ஷன்ஸ் டிக்கைப் போடுங்க. 216க்கு உயரம் 121.5 மில்லிமீட்டர்தான் வேலை செய்யும், கீழ ஒண்ணேகால் சென்டிமீட்டர் சொச்சம் செத்த இடமாகும். போகட்டும். முகத்தில் வேலை செய்யும் கைக்கு வட்டம் வட்டமா வரணும்.

வளையம் விண்டோஸின் வேலை. கொன்ட்ரோல் பெனலில் பென் அன்ட் டச் திறந்து, பிரெஸ் அன்ட் ஹோல்டைத் தெரிவு செய்து, செட்டிங்ஸுக்குள்ள ரைட் கிளிக் டிக்கை எடுங்க.

நடுக்கத்துக்கு ஒரு சோதனை. லப்டொப் சார்ஜரைக் கழட்டி பெட்டரியில் ஓட விட்டு அதே கோட்டைக் கீறுங்க. நின்றிச்சா?

#17 · நிழல்_06

நிண்டிட்டு! சார்ஜரைக் குத்தினா திரும்ப நடுங்குது.

#18 · வயர்கட்டு

சார்ஜர் ரெண்டு பின்னா? மூணு பின் சொக்கெட்டில் மேல் ஓட்டைக்குள்ள பேனை மூடியைக் குத்தி ரெண்டு பின்னைத் தள்ளிச் சொருகியிருப்பீங்க. அந்த வித்தை தெரியாத வீடே இங்க இல்ல. எர்த் இல்லாததால் சார்ஜரின் இரைச்சல் யூஎஸ்பி வழியா டெப்லெட்டுக்கு வருது. பேனைக்குள்ள பெட்டரி கிடையாது, டெப்லெட் பரப்பும் காந்தப் புலத்தாலதான் பேனையைத் தேடுது, இரைச்சல் வந்தா இடத்தைக் கொஞ்சம் பிழையாச் சொல்லும். கடையில் பெட்டரியில் ஓட்டியிருப்பீங்க, அதான் தெரியல்ல.

எர்த் உள்ள மூணு பின் சார்ஜர் போடுங்க, அந்த லப்டொப்புக்கு உரிய வோல்ட், அம்பியர் பார்த்து. சொக்கெட்டில் எர்த் வயர் உண்மையா இருக்கா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்க, பழைய கட்டடங்களில் ஓட்டை இருக்கும், வயர் இருக்காது. டெப்லெட்டுக்குப் பக்கத்தில் போனை சார்ஜில் போடாதீங்க. இரும்பு மேசை என்றா கீழே ஒரு தடிச்ச கார்ட்போர்ட்.

#19 · மெல்லியதூரிகை

வளையத்துக்காக இன்னொரு இடத்தில விண்டோஸ் இங்க்கை, அதாவது விண்டோஸின்ட பேனை வசதியை, முழுக்க ஓஃப் பண்ணச் சொல்லுவினம். பண்ணினா ஃபொட்டோஷொப்பில அழுத்தமே போகும், ஏனெண்டா அது அழுத்தத்தை இங்க் வழியாத்தான் கேக்குது. ஓஃப் பண்ணித்தான் ஆக வேணுமெண்டா ஃபொட்டோஷொப்பின்ட செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள்ள ரெண்டு வரி டெக்ஸ்ட் ஃபைல் வைச்சு வின்டெபுக்கு (பேனையை வாசிக்கிற பழைய வழி) மாத்த வேணும். சும்மா கையை வைக்காதேங்கோ. பிரஷ் பெனலில பென் பிரஷருக்குப் பக்கத்தில ஆச்சரியக்குறியோட முக்கோணம் தெரிஞ்சா, டிரைவரோட தொடர்பு அறுந்திட்டு எண்டு அர்த்தம். முதல் வேலை, பழைய டெப்லெட் டிரைவர் வேற கம்பனியினது கிடந்தா அதை அழிக்கிறது. ரெண்டு கம்பனி டிரைவர் ஒரு கொம்பியூட்டரில ஒத்துப் போகாது.

#20 · நிழல்_06

எல்லாம் சரி வந்திட்டு. கன்னத்தில பட்டை இல்லை. ஆனா இண்டைக்கு ஒரு படம் கஷ்டப்படுத்துது. பொம்பிளைக்குப் பின்னால சுவர் மாத்த வேணும், காதுக்கு மேல முடி பறக்குது, கொண்டையில மல்லிகை வெள்ளையா எரிஞ்சு கிடக்கு.

#21 · சாமந்தி

மல்லிகையை முதல் றோவிலேயே, கமரா தந்த மூல ஃபைலிலேயே, பாருங்கோ. ஹைலைட்ஸைக் குறைச்சா இதழ் தெரியுதா? தெரிஞ்சா ரெண்டாவது கொப்பி ஒண்டு இருட்டா எடுத்து, பூவை மட்டும் மாஸ்க்கால கலவுங்கோ. றோவிலேயே இல்லாட்டி ஃபொட்டோஷொப் ஒண்டும் செய்யாது. சாம்பல் பூசினா காய்ஞ்ச பூ மாதிரி வரும்.

முடிக்கு, செலக்ட் அன்ட் மாஸ்க்கில ரிஃபைன் எட்ஜ் பிரஷை முடி விளிம்பில மட்டும் ஓட்டுங்கோ, தோளிலயும் சேலையிலயும் வேண்டாம். வெளியில வாற மாஸ்க்கில மெல்லிய முடி பாதி செத்திருக்கும். அதைத் திரும்பக் கீற வேணும். மேல வெறும் லேயர், பிரஷ் 3 பிக்ஸல், ஹார்ட்னஸ் 80 போல. இந்த இடத்தில மட்டும் ஷேப் டைனமிக்ஸை ஓன் பண்ணி சைஸுக்குப் பென் பிரஷர், மினிமம் டயமீட்டர் 0. ஒல்ட்டை அமத்திப் பக்கத்து முடியில இருந்து கலர் எடுங்கோ, கறுப்பு எண்டு கறுப்பையே எடுக்காதேங்கோ, மண்டப லைட்டில எங்கட முடி மண்ணிறத்தில மினுங்கும்.

வேரில அழுத்தித் தொடங்கி நுனிக்குப் போகேக்க கையைத் தூக்கிக்கொண்டே எடுங்கோ, விமானம் ஏறுற மாதிரி. முடி வேரில 3 பிக்ஸல், நுனியில ஒண்டுமில்லை. ஸ்மூத்திங் 10 காணும், 50 வைச்சா கோடு கைக்குப் பின்னால இழுபட்டு வரும், கை எடுக்கிற அந்த வீச்சு போகும். ஆறேழு முடி போதும், ஒண்டோட ஒண்டு குறுக்க வெட்ட வேணும். எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா சீப்பு.

மவுஸில இதைச் செய்தா வேரில இருந்து நுனி வரைக்கும் ஒரே தடிப்பு, கறுப்பு நூல் ஒட்டினமாதிரி நிக்கும்.

#22 · பாதைக்கருவி

முடியை விட்டுக்குடுக்கிறன். நெத்திச்சுட்டியையும் தோட்டையும் பென் டூலால வெட்டும், அதில நான் மாறமாட்டன்.

#23 · சாமந்தி

நெத்திச்சுட்டியை வெட்டேக்க அதின்ட நிழலை நெத்தியிலயே விட்டிட வேணும். நகை தனிய ஒட்டினமாதிரித் தெரியிறது நிழலையும் சேர்த்துத் துடைக்கிறதாலதான்.

#24 · நிழல்_06

பாதைக்கருவி அண்ணை சொன்ன வழுகல் உண்மைதான். பேனையால டபுள் கிளிக் பண்ணினா பாதி தரம் விழுகுதில்லை. லேயர் பேர் மாத்தவே கஷ்டம்.

#25 · வயர்கட்டு

டிரைவரில் டிப் டபுள் கிளிக் டிஸ்டன்ஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கு, அதைப் பெருசாக்குங்க. ரொம்ப ஏத்தினா குட்டிக் கோடு போடும்போது தொடக்கம் ஒட்டும், நடுவில் விடுங்க. இன்னும் நல்லது, பேனையின் பக்க பட்டன் ஒன்றுக்கு டபுள் கிளிக்கைக் குடுக்கிறது. மற்றதுக்கு ரைட் கிளிக்.

#26 · நிழல்_06

செய்திட்டன். கடைசியா ஒண்டு: பக்க டிசைனுக்கு மவுஸ், முகத்துக்குப் பேனை எண்டு மாறி மாறி வைச்சு எடுக்கிறதில பேனை ரெண்டு தரம் கீழ விழுந்திட்டு.

#27 · சாமந்தி

வைக்காதேங்கோ. பேனையை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில வால் வெளியில நீட்டிக்கொண்டிருக்கப் பிடிச்சபடி அதே கையால மவுஸைப் பிடியுங்கோ. ரெண்டு நாள் இடைஞ்சலா இருக்கும். டெப்லெட்டைக் கீபோர்டுக்கு முன்னால நேர வையுங்கோ, மவுஸ் அதுக்கு வலப்பக்கம். நுனி டெப்லெட்டில இருந்து ஒரு சாண் தள்ளி நிண்டா பொயின்டர் பேனைக்கு இழுபடாது.